ஈற்றில் வராத சீர்

மார்ஸெஸன்ட் என்று ஓர் ஆங்கிலப் பெயரடை இருக்கிறது. தாவரவியல்காரர்களுக்கு வெளியே அதற்கு நடமாட்டம் இல்லை. வாடிக் காய்ந்த பிறகும் உதிராமல் காம்பிலேயே நிற்கும் இலையையும் பூவிதழையும் குறிக்க அவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். இந்தச் சொல்லோடு எனக்குப் பத்து வருஷப் பழக்கம். அதில் முதல் ஆறு வருஷம் அதை நான் தவறாகவே உச்சரித்து வந்தேன். தவறு நாக்கோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திராது.

வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில், ஒரு நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த தாவரவியல் கலைச்சொல் அகராதி ஒன்று கிடைத்தது. பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு அகராதிகளின் மேல் ஒரு திருட்டு ஆசை உண்டு. பகலெல்லாம் பிறர் எண்களைக் கூட்டிக் கழித்தவன் இரவில் சொற்களையாவது தனக்கென்று எண்ணிப் பார்க்க விரும்புகிறான். அந்த அகராதியில் உதிர்தலை ஒட்டி மட்டும் மூன்று பெயரடைகள் இருந்தன. தோன்றிய சிறிது காலத்திலேயே விழுந்துவிடுவது கடூகஸ். பருவம் முடிந்து விழுவது டெஸிடுவஸ். விழவேண்டிய பருவம் கடந்தும் விழாமல் காய்ந்து நிற்பது மார்ஸெஸன்ட். மூன்றாவது என்னைப் பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ‘மார்’ என்ற முதல் அசையில் முழு எடையையும் வைத்து, மற்ற இரண்டையும் அதன் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். காதுக்கு அது சரியாகவே இருந்தது. ஒரு வீழ்ச்சி அதில் கேட்டது.

2022-இல் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் புதுக்கவிதையின் உருவம் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லை மேடையில் பிரயோகித்தேன். மூன்று முறை. தேநீர் இடைவேளையில் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் அருகில் வந்து, “தம்பி, அழுத்தம் ரெண்டாவதுல” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பதைச் சுட்டிக்காட்டுகிற மாதிரிச் சொன்னார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கள் கல்லூரியில் ஒலியியலுக்கு ஒரு தாள் இருந்தது. அதை எழுதித் தேறினோம், பேசித் தேறவில்லை.

தமிழன் காதுக்கு இது ஒரு நிரந்தரச் சங்கடம். நம் மொழியில் அழுத்தம் இடம் மாறுவதால் ஒரு சொல் வேறு சொல்லாகிவிடுவதில்லை. நமக்கு எடை என்பது குறிலும் நெடிலும் ஒற்றும்தான். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் ஓர் அசை எழுந்து நிற்கும், மற்றவை குனிந்துகொள்ளும். எது எழுந்து நிற்கும் என்பதைக் காது பழகித்தான் அறிய வேண்டும். ஏட்டில் படித்துக் கற்றவர்கள் நாம். ஆகவே அந்நியச் சொல் எதுவானாலும் வாசலிலேயே முழு பலத்தையும் இறக்கிவைத்துவிட்டு உள்ளே போகிறோம்.

*

அவமானம் சில சமயம் நல்ல ஆசிரியன். அன்று இரவு அந்தச் சொல்லைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன்.

மூலம் லத்தீன். வாடியிருத்தல், துவண்டிருத்தல் என்ற பொருளுள்ள வினையின் பகுதி ‘மார்க்’. அதன்பின் ‘ஏஸ்க்’ என்ற இடைநிலை. கடைசியில் ‘என்ட்’, ஒரு செயல் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் பெயரெச்ச விகுதி போன்றது. நடுவில் வரும் ‘ஏஸ்க்’தான் முக்கியமான சங்கதி. ஒரு நிலை தொடங்குவதை, ஒன்று மெல்ல மெல்ல வேறொன்றாக ஆகிவருவதை லத்தீன் அந்தச் சிறு துண்டால் சொல்லிவிடுகிறது. நாம் ‘வாடத் தொடங்குகிற’, ‘வாடிவருகிற’ என்று துணைவினையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வளர்ந்துவருகிற பிள்ளையைச் சொல்லும் அடலெஸன்ட், நோய் நீங்கித் தேறிவருகிறவனைச் சொல்லும் கான்வலெஸன்ட், முதுமை நோக்கிப் போவதைச் சொல்லும் ஸெனெஸன்ட் எல்லாம் இந்தத் துண்டை வயிற்றில் வைத்திருப்பவை. 1852-இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி ஒருவகைக் கனிமத்தின் பெயரோடு இதன் பிற்கால வடிவத்தை ஒட்டவைத்து ஃப்ளோரெஸன்ஸ் என்று ஒரு சொல் செய்தார். டியூப் லைட்டின் முழுப்பெயராக அது நம் தெருவுக்கும் வந்து சேர்ந்தது.

ஆகவே உறுப்புகளாகப் பிரித்தால் மார்க் – ஏஸ்க் – என்ட். அசைகளாகப் பிரித்தால் மார் – கேஸ் – கென்ட். பகுதியின் கடைசி மெய் அடுத்த துண்டின் உயிரோடு சேர்ந்துகொள்கிறது. அந்தத் துண்டின் கடைசி மெய் அதற்கடுத்ததோடு சேர்ந்துகொள்கிறது. மெய்யின்மேல் உயிர் ஏறுவதைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் விளைவைப் பாருங்கள். இந்தச் சொல்லில் பொருளின் எல்லையும் ஒலியின் எல்லையும் ஓரிடத்தில்கூடச் சந்திப்பதில்லை. எங்கே வெட்டினாலும் ஒன்று மற்றொன்றின் சதையை எடுத்துக்கொண்டு வருகிறது.

அழுத்தம் விழுகிற இரண்டாவது அசை இந்த ஒட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ‘கேஸ்’ என்பதில் முதல் மெய் வாடுதலுடையது. மீதி, ஆகிவருதலுடையது. ஈற்றயல் அசை கனமானதாக இருந்தால் அழுத்தம் அதன்மேல் விழும் என்பது லத்தீன் விதி. கனம் என்றால் நெடில் இருக்க வேண்டும், அல்லது ஒற்று அடுத்திருக்க வேண்டும். ஆங்கிலம் க-வை ஸ ஆக்கி, நெடிலைக் குறிலாக்கி, ஒற்றுகளையும் கரைத்துவிட்டது. எடை போன பிறகும் அழுத்தம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

பக்கத்துச் சொல்லான டெஸிடுவஸைக் கவனித்தால் வித்தியாசம் துலங்கும். அதில் அழுத்தம் ‘ஸிட்’ என்ற இடத்தில். அது ‘விழு’ என்ற பொருளுள்ள வேர். கவிதையின் ஒலிநடையைக் குறிக்க ஆங்கிலத்தில் சொல்கிற கேடன்ஸும் அதே வேரிலிருந்து வந்ததுதான். குரல் விழுகிற விதம் என்பது அதன் பழம்பொருள். டெஸிடுவஸ் விழுவதைச் சொல்கிறது. விழுவதன்மேலேயே குரலை வைக்கிறது. மார்ஸெஸன்ட் வாடுவதைச் சொல்கிறது. ஆனால் வாடுதலின்மேல் குரலை வைக்கவில்லை. அதற்கும் ஆகிவருதலுக்கும் இடையிலுள்ள தையலின்மேல் வைக்கிறது. நான் ஆறு வருஷமாக ‘மார்’ ‘மார்’ என்று செத்த பகுதியையே தட்டிக்கொண்டிருந்தேன்.

இது வெறும் உச்சரிப்புத் தவறு இல்லை என்று அன்றைக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தச் சொல்லை வைத்து நான் ஏற்கனவே ஒரு தீர்ப்பு எழுதியிருந்தேன்.

*

என் அப்பா தமிழாசிரியர். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு நேர் நிரை சொல்லிக்கொடுத்தவர். நான் பி.ஏ.வுக்கு ஆங்கிலம் எடுத்ததும் பிறகு புதுக்கவிதை பற்றி எழுதத் தொடங்கியதும் அவருக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று அவர் சொன்னதில்லை. சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியது 1959. அப்பா படித்த காலத்திலேயே யாப்பை உதறிய கவிதைக்கு இரண்டு தலைமுறை ஆகத் தொடங்கியிருந்தது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தே அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

2018-இல் அப்பாவின் நண்பர் ஒருவர், அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு வெண்பாத் தொகுப்பு வெளியிட்டார். அதற்கு ஒரு சிறுபத்திரிகையில் நான் மதிப்புரை எழுதினேன். கேட்டு வாங்கி எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு இலக்கு வேண்டியிருந்தது. வெண்பா இன்று தமிழில் மார்ஸெஸன்ட், செத்தும் உதிராமல் தொங்கும் சருகு, அதை உலுக்கி விழவைப்பது விமர்சகனின் கடமை என்று எழுதினேன். எழுதியபோது கையில் ஓர் இன்பம் இருந்தது. அந்த இன்பத்தைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தொகுப்பின் முன்பக்கத்தில் அப்பா எழுதிய சிறப்புப்பாயிரம் ஒன்று இருந்தது. ஒரே ஒரு வெண்பா. மதிப்புரையில் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. குறை சொல்ல மனம் வரவில்லை. புகழவும் மனம் வரவில்லை. மௌனம் ஒரு நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது பத்திரிகை அப்பாவின் சாய்வு நாற்காலிமேல் கிடந்தது. முழுக்கப் படித்திருக்கிறார் என்பது பக்கங்களின் மடிப்பில் தெரிந்தது. மாலையில் அதை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தார்.

“இது என்னடே சொல்லு?”

சொன்னேன். என் தவறான அழுத்தத்தோடுதான் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னபோது கிரந்த எழுத்து போய்விட்டது. ஈற்றில் ஓர் உகரம் வந்துவிட்டது. நாற்காலிக் கையில் விரலால் தட்டினார்.

“மார். செசண். டு. நேர் நிரை நேர். கூவிளங்காய்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. தாவரவியல் சொல்லுக்கு ஒரு காயே வாய்ப்பாடாக அமைந்ததில் அவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அதைக் காட்டவில்லை.

“வெண்பாவுக்குள்ள வரும். ஈத்துல வராது” என்றார்.

வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்ப்பாட்டில் ஒன்றாக முடிய வேண்டும் என்பது பள்ளி இலக்கணம். மூவசையில் காய்ச்சீர் உள்ளே எங்கும் வரலாம். முடிவில் வராது.

“வகையுளி செஞ்சா வரும்டே. மார் முன்சீரோட போயிரும். செசண்டு மட்டும் ஈத்துல நிக்கும். நிரைக்கு மேல ஒரு உகரம். பிறப்பு.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா சொல்லு ஒடைஞ்சு போவும்” என்றார்.

பிறகு அதற்குத் தமிழில் சொல் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படிச் சொல்வதில் அப்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. “பூவுக்குன்னா செம்மல் இருக்கே” என்றார். மரத்தைவிட்டு விழுந்த பூ வீ என்றும் வாடின பூ செம்மல் என்றும் தமிழ் பிரித்துவைத்திருப்பதைத் தேவநேயப் பாவாணர் எடுத்துக்காட்டியிருக்கிறார். வாடுவது வேறு, விழுவது வேறு என்று இந்த மொழிக்குத் தெரியும் என்பதைத்தான் அப்பா சொன்னார். சான்றோனைக் குறிக்கும் செம்மலும் அதே எழுத்துகள்தான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

எழுந்து உள்ளே போகும்போது, “என் பாட்டைப் பத்தி ஒண்ணும் எழுதலையேடே” என்றார்.

“எடம் இல்லப்பா” என்றேன்.

“சரி” என்றார்.

*

கருத்தரங்கிலிருந்து வந்த இரவில் சொல்லைப் பிரித்த கையோடு, அது குறிக்கும் பொருளையும் தேடிப் படித்தேன். ஆறு வருஷமாக அந்த அகராதியின் ஒற்றை வரிக்கு மேல் நான் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சாதாரணமாக ஒரு இலை மரத்தைவிட்டு எப்படி உதிர்கிறது? இலைக்காம்பின் அடியில் ஓர் உயிரணு அடுக்கு இருக்கிறது. பருவம் வந்ததும் அங்கே சுவர்கள் கரைந்து இலையும் கிளையும் பிரிகின்றன. பிரிந்த இடத்தைத் தக்கை போன்ற ஒரு படலம் மூடிவிடுகிறது. ஆக, உதிர்வது சாவு அல்ல. உயிருள்ள மரம் செய்கிற வேலை. முறிந்து தொங்கும் கிளையில் இலைகள் காய்ந்தும் உதிராமல் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். உதிர்க்கிற வேலையைச் செய்ய அங்கே உயிர் இல்லை.

ஓக், பீச் போன்ற குளிர்நாட்டு மரங்களில், குறிப்பாக இளமரங்களிலும் கீழ்க் கிளைகளிலும், இலையுதிர் காலத்தில் இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. இலை காய்ந்து செம்பு நிறமாகி குளிர்காலம் முழுக்க மரத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் பீச் மரத்தை வேலியாக வளர்ப்பதற்கு இது ஒரு காரணம். பனியிலும் அந்த வேலிக்கு மறைப்பு இருக்கும். ஆனால் இலைப்பரப்பு செத்துப்போனாலும் காம்பின் அடிப்பகுதி குளிர்காலம் முழுக்க உயிரோடிருக்கிறது. வசந்தத்தில் பக்கத்து மொட்டு பருக்கும்போது, நின்றுபோன வேலை மறுபடி தொடங்கி முடிகிறது. இலை அப்போது விழுகிறது. யாரும் உலுக்க வேண்டியதில்லை.

மரம் எதற்காக இப்படிச் செய்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. உள்ளே இருக்கும் மொட்டை மான் மேய்ந்துவிடாமல் இந்தச் சுவையற்ற சருகுகள் காக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பனியிலிருந்தும் வறண்ட காற்றிலிருந்தும் காக்கலாம் என்கிறார்கள். வேர் விழித்துப் பசிக்கிற வசந்தத்தில் மக்குவதற்காகச் சருகை மரம் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எதுவானாலும் நான் நினைத்ததுபோல அது மரத்தின் சோம்பலோ நோயோ இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு இங்கிலாந்து வேலி ஞாபகம் வரவில்லை. அதை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப் பனை ஞாபகம் வந்தது. ஏறாமல் விட்ட பனையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காவோலைகள் கழுத்தைச் சுற்றித் தாடி மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். வடலியில் காய்ந்த மட்டைகள் அடிமுதல் நுனிவரை தூரை மூடியிருக்கும். பனையேறி வந்து வெட்டி இறக்கினால்தான் மரம் துலங்கும். பனையை மரம் என்று சொல்லாமல் புல் என்று பிரித்து, அதன் உறுப்புகளுக்கு ஓலை, மடல், தோடு என்று தனிப் பெயர்கள் சொன்னவர் தொல்காப்பியர். காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்று ஒரு பழமொழி நமக்கு உண்டு. மூத்தவர் வீழ்ச்சியைப் பார்த்து இளையவர் சிரிப்பதன் அறியாமையைச் சொல்வது. ஆனால் பனைக்காட்டில் வளர்ந்த எனக்கு அந்தப் பழமொழியில் ஒரு சந்தேகம் உண்டு. காவோலை அவ்வளவு சீக்கிரம் விழுவதில்லை. குருத்தோலைக்குச் சிரிப்பு வந்தால், தன் கீழே தொங்கிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டேதான் சிரிக்க வேண்டும்.

2018-இல் நான் செய்த தவறு எது என்பதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரிக் கட்டுரைகள் கடைசியில் கண்ணீரோடு பழைய கட்சிக்குத் திரும்பிவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் திரும்பவில்லை. அந்தத் தொகுப்பிலிருந்த வெண்பாக்களில் பெரும்பாலானவை செத்தவைதான். எதுகைக்காக வளைந்த சொற்கள், சீரை நிரப்ப வந்த அடைமொழிகள். அந்தத் தீர்ப்பை இன்றும் மாற்றமாட்டேன். வசந்தம் வந்தால் சருகு பச்சையாகாது. விழத்தான் செய்யும்.

தவறு, அழுத்தம் வைத்த இடத்தில். சருகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்த்தேன். காம்படியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. விமர்சகன் பார்க்க வேண்டிய இடம் அதுதான். நம் புதுக்கவிதைகளில் நிற்கிறவற்றைச் சத்தமாகப் படித்துப் பார்த்தால், யாப்பை உதறிய வரிகளுக்கு அடியிலும் நேரும் நிரையும் எங்கோ ஓர் ஒழுங்கில் மாறிமாறி வருவதைக் காது கண்டுகொள்கிறது. எழுதியவருக்கே தெரியாமல் வந்திருக்கலாம். ஓர் உருவம் செத்துவிட்டது என்று அறிவிப்பது சுலபம். அது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே எந்த மொட்டு பருக்கிறது என்று சொல்வதுதான் விமர்சனம். உலுக்குவது காற்றின் வேலை. அதற்குப் பி.ஏ. தேவையில்லை.

அப்பாவின் சிறப்புப்பாயிரத்தையும் எடுத்துப் படித்தேன். நல்ல வெண்பா இல்லை. முதல் இரண்டு அடியும் எல்லாச் சிறப்புப்பாயிரங்களிலும் இருக்கிற புகழுரை. ஆனால் மூன்றாவது அடியில், இருவரும் ஒரே சைக்கிளில் பயிற்சிப் பள்ளிக்குப் போய்வந்த செய்தி வருகிறது. முன்னால் கம்பியில் யார், பின்னால் யார் என்பதுகூட வருகிறது. அந்த அடியில் எதுகைக்காகவோ தளைக்காகவோ ஒரு சொல்லும் வளையவில்லை. பேசுகிற மாதிரியே இருக்கிறது, வெண்டளையும் தப்பவில்லை. உயிருள்ள இடம் அது. மதிப்புரையில் அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். இடம் இருந்தது.

அடுத்த முறை போகும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். போனேன், சொல்லவில்லை. அப்பாவிடம் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. சொல்லின் அழுத்தத்தை நான் தவறாகச் சொன்னேன் என்பதை மட்டும் சொன்னேன். “நமக்கு அதெல்லாம் கெடையாதுல்ல” என்றார். 2023-இல் இறந்துபோனார்.

*

வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சாவு முதலில் ஒரு படிவமாக வருகிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுதாரர் கையெழுத்து, கணக்கு எண். நான் எத்தனையோ பேருக்கு அதை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அப்பாவின் பென்ஷனை நிறுத்தி அம்மாவின் பெயருக்குக் குடும்ப பென்ஷன் மாற்றுவதற்கான காகிதங்களை உரிய காலத்தில் கொடுத்துவிட்டேன். அதில் தாமதம் கூடாது. கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

இன்னொரு சிறு சேமிப்புக் கணக்கு இருந்தது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வைத்திருந்தது. இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர் என்ற வகை. அதில் அப்பா பெயரை நீக்கும் விண்ணப்பத்தையும் எழுதினேன். அம்மாவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

“அப்பா பேரு கெடந்துட்டுப் போட்டுமேய்யா. ஒன்ன என்ன செய்யுது?” என்றாள்.

ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் விதி இருக்கிறது. கணக்கு வைத்திருப்பவர் தாமாக எந்த வரவும் செலவும் செய்யாமல் இரண்டு வருஷம் போனால் கணக்கு செயலற்றதாகிவிடும். வட்டி தானாக ஏறிக்கொண்டிருக்கும். அது கணக்கில் உயிர் இருப்பதற்குச் சாட்சி ஆகாது. பத்து வருஷம் யாரும் கேட்காவிட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் வாரிசு வந்து கேட்டு வாங்கலாம் என்பது வேறு விஷயம். செயலற்ற கணக்கை டார்மென்ட் என்று நாங்கள் வாய்வழக்கில் சொல்வோம். தூங்குகிற என்று பொருள். அதுவும் தாவரவியல்காரர்கள் மொட்டுக்குச் சொல்கிற சொல்தான்.

அப்பா இறந்து இருபது மாதம் கழிந்திருந்தது. அந்தக் கணக்கில் அவர் கடைசியாகப் பணம் எடுத்தது அதற்கு மூன்று மாதம் முன்பு. கணக்குச் சரியாகத் தெரியும், அதுதானே தொழில். இன்னும் ஒரு மாதம் இருந்தது. அம்மாவிடம் இதையெல்லாம் நான் விளக்கவில்லை. சும்மா பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

வந்தாள். வரிசையில் நின்றுதான் வந்தாள். பணம் எடுக்கும் சீட்டில் ஐநூறு ரூபாய் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து அப்பா சொல்லிக்கொடுத்தது. எழுத்து எழுத்தாக, நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பாஸ்புத்தகத்தை இயந்திரத்தில் வைத்தபோது இருபத்து மூன்று மாத வட்டி வரிகள் முதலில் அச்சாகி, கடைசியில் இன்றைய வரி விழுந்தது. முன்பக்கத்தில் இரண்டு பெயர்களும் இருந்தன. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு, அப்பா திண்ணையில் சொன்னது ஞாபகம் வந்தது. முழுச்சொல்லாக ஈற்றில் வராது; உடைத்தால் வரும்; உடைத்தால் கடைசியில் நிற்பது பிறப்பு. அப்போது அதை நான் ஒரு தமிழாசிரியரின் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டேன். விளையாட்டாகத்தான் அவரும் சொன்னார். வேறு அர்த்தம் அதற்கு நான் தருவது இப்போதைய என் தேவைக்காக இருக்கலாம்.

விண்ணப்பம் என் இழுப்பறையில் இருக்கிறது. தேதி போடவில்லை. என்றாவது கொடுக்கத்தான் வேண்டும்.